பேக்கப் சிஸ்டத்தின் கண்ணில் உங்கள் டேட்டாபேஸ் பட வேண்டுமா? சர்வரில் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

புதிய பேக்கப் சிஸ்டத்தில் நான்கு டேட்டாபேஸ் சர்வர்களைச் சேர்த்துவிட்டு டிஸ்கவரியை, அதாவது சர்வரிலுள்ள டேட்டாபேஸ்களைத் தானாகத் தேடிப் பட்டியலிடும் வேலையை, ஓடவிட்டேன். நான்கிலும் சேர்த்து 23 டேட்டாபேஸ்கள் இருந்தன. திரையில் வந்தவை 14. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. நான்கு சர்வர்களுக்கு நேராகவும் பச்சை டிக். மீதி 9 எங்கே போயின என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் பார்த்தால் காரணங்கள் மூன்றுதான். ஆரக்கிள் சர்வரில் ஒரு பாதையின் முடிவில் நின்ற சாய்கோடு. எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு டேட்டாபேஸ் பெயரின் முடிவில் ஒட்டியிருந்த இடைவெளி. போஸ்ட்கிரெஸ்ஸில் வழக்கமான 5432-க்குப் பதில் 5433 என்ற போர்ட்.

பேக்கப் தோற்றால் காலையில் மெயில் வந்துவிடும். டிஸ்கவரியில் விழாத டேட்டாபேஸுக்கு எந்த மெயிலும் வராது, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே சிஸ்டத்துக்குத் தெரியாது. யாராவது ரீஸ்டோர் கேட்டு வரும் நாளில்தான் விஷயம் வெளியே வரும். அந்த நாள் உங்களுக்கு வந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிஸ்கவரி செய்யும் வேலை எளிமையானது. ஓர் அக்கவுண்ட் உங்கள் சர்வருக்குள் நுழைகிறது. சில ஃபைல்களைப் படிக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ்களையும் சர்வீஸ்களையும் பார்க்கிறது, டேட்டாபேஸில் லாகின் செய்து பெயர்ப்பட்டியல் கேட்கிறது. இதில் எந்த இடத்தில் கதவு சாத்தியிருந்தாலும் பட்டியல் குறையும். எந்த நிறுவனத்தின் பேக்கப் மென்பொருளாக இருந்தாலும் முன்வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

1. முதல் ஆவணம்: நீங்களே எழுதிய பட்டியல்

டிஸ்கவரியை ஓட்டுவதற்கு முன்பே உங்களிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். சிஸ்டம் என்ன காட்டுகிறது என்பதை எதனோடு ஒப்பிடுவது? இந்தப் பட்டியலோடுதான். இதில்லாமல் தொடங்கினால் திரையில் வந்ததே முழுமை என்று நம்பிவிடுவீர்கள்.

ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஒரு வரி. சர்வரின் முழுப்பெயர், ஐ.பி. முகவரி, ஆபரேட்டிங் சிஸ்டமும் அதன் பதிப்பும், டேட்டாபேஸ் வகை, பதிப்பு, எடிஷன், இன்ஸ்டன்ஸ் (சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் மென்பொருளின் ஒரு தனி இயக்கம்) பெயர், போர்ட், டேட்டாபேஸ் பெயர், அளவு, ஒரு நாளில் உருவாகும் லாக் (டேட்டாபேஸின் மாற்றப் பதிவு) அளவு, பொறுப்பாளர், ரீஸ்டார்ட் செய்ய அனுமதி உள்ள நேரம். கடைசி இரண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அவற்றுக்காகத்தான் நாள்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

பழைய எக்செல் ஃபைலைப் பார்த்து இதை நிரப்பாதீர்கள். சர்வரிலேயே போய்ப் பாருங்கள். லினக்ஸில் பிராசஸ் பட்டியலில் 'பிமான்' என்று தேடினால் ஓடும் ஒவ்வொரு ஆரக்கிள் இன்ஸ்டன்ஸும் ஒரு வரியாக வரும். விண்டோஸில் சர்வீஸஸ் திரையில் 'எஸ்க்யூஎல் சர்வர்' என்று தொடங்கும் வரிகளில் அடைப்புக்குறிக்குள் இருப்பது இன்ஸ்டன்ஸின் பெயர். டெபியன், உபுண்டு சர்வர்களில் 'பிஜி எல்எஸ் கிளஸ்டர்ஸ்' கட்டளை அந்த சர்வரிலுள்ள போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்கள் அனைத்தையும் போர்ட் எண்ணோடு காட்டும். இதை முதல் நாளே ஓட்டியிருந்தால் 5433-ஐத் தேடி நான் அலைந்திருக்க வேண்டியதில்லை.

பட்டியல் தயாரானதும் பேக்கப் மென்பொருளின் சப்போர்ட் மேட்ரிக்ஸை (எந்தப் பதிப்புகளோடு அது இயங்கும் என்ற அட்டவணையை) எடுத்து வரிவரியாகப் பொருத்திப் பாருங்கள். டேட்டாபேஸ் பதிப்பு மட்டும் பொருந்தினால் போதாது. ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், எடிஷன் மூன்றும் ஒரே வரியில் பொருந்த வேண்டும். பொருந்தாத சர்வரை இப்போதே தனியாகக் குறித்துவையுங்கள். அதற்கு வேறு வழி தேட வேண்டும், அது இந்த வாரத்தில் முடிகிற வேலையாக இருக்காது.

2. பெயரும் முகவரியும்

சர்வரின் பெயரைக் கேட்டால் ஐ.பி. வர வேண்டும், ஐ.பி.யைக் கேட்டால் அதே பெயர் திரும்ப வர வேண்டும். இரண்டாவதைப் பலரும் சோதிப்பதில்லை. பேக்கப் சர்வரிலிருந்து டேட்டாபேஸ் சர்வரையும், டேட்டாபேஸ் சர்வரிலிருந்து பேக்கப் சர்வரையும் 'என்எஸ்லுக்கப்' கட்டளையால் இரு திசையிலும் பாருங்கள்.

டெபியன் வழி வந்த சர்வர்களில் ஒரு பொறி இருக்கிறது. நிறுவும்போதே ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சர்வரின் சொந்தப் பெயருக்கு எதிரே 127.0.1.1 என்று எழுதிவிடுவது வழக்கம். ஏஜென்ட் (பேக்கப் மென்பொருளுக்காக டேட்டாபேஸ் சர்வரில் நிறுவும் நிரல்) தன் முகவரி என்னவென்று கேட்டுவிட்டு, தன்னையே சுட்டும் அந்த லூப்பேக் முகவரியையே பேக்கப் சர்வரிடம் சொல்லும் வாய்ப்பு உண்டு. உண்மையான ஐ.பி.யை அங்கே எழுதிவிட்டால் தீர்ந்தது.

குளோன் செய்து உருவாக்கிய வெர்ச்சுவல் மெஷின்களில் இன்னும் கவனம் வேண்டும். ஏஜென்ட் நிறுவிய பிறகு ஒரு மெஷினை குளோன் செய்தால் அதன் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகும். பேக்கப் சிஸ்டம் இரண்டையும் ஒரே ஆளாக எண்ணிக்கொள்ளும்; ஒன்றின் பட்டியல் மற்றதன் பெயரில் வரும். குளோனிலிருக்கும் ஏஜென்டை முழுவதுமாக நீக்கி மறுபடி நிறுவுங்கள். லினக்ஸில் 'மெஷின் ஐடி' ஃபைல் இரண்டு சர்வர்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கடிகாரம்: டொமைன் லாகின் பயன்படுத்தும் இடங்களில், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது.

3. ஃபயர்வால்: முதலில் விண்ணப்பம், பிறகு மற்றவை

காலத்தை அதிகம் தின்னும் படி இது. வேலை பத்து நிமிடம்தான். அனுமதி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். ஆகவே பட்டியல் கைக்கு வந்த அன்றே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மற்ற படிகளுக்குப் போங்கள்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை: எங்கிருந்து, எங்கே, எந்தப் போர்ட், டி.சி.பி.யா யு.டி.பி.யா, எந்தத் திசை, எதற்காக, எதுவரை. திசையில்தான் நான் ஒரு முறை தவறு செய்தேன். பேக்கப் சர்வரிலிருந்து டேட்டாபேஸ் சர்வருக்குப் போகும் வழியை மட்டும் கேட்டிருந்தேன். டிஸ்கவரி ஓடியது, பட்டியலும் வந்தது. ஆனால் பேக்கப் தரவை அனுப்ப ஏஜென்ட் தானாகவே சேமிப்பு சர்வரோடு இணைப்பைத் தொடங்கும் என்பதை நான் படிக்கவில்லை. அதற்கு மறுபடி ஒரு விண்ணப்பம், மறுபடி ஒரு வாரம்.

இயல்பான போர்ட்கள் இவை. ஆரக்கிள் லிஸனர் 1521, எஸ்க்யூஎல் சர்வர் 1433, போஸ்ட்கிரெஸ் 5432, மைஎஸ்க்யூஎல் 3306. லினக்ஸுக்குள் நுழைய எஸ்.எஸ்.எச். 22. விண்டோஸுக்குள் நுழைய வின்ஆர்எம் என்றால் 5985 அல்லது 5986. பழைய முறையில் 445-உம் 135-உம், அதோடு 49152 முதல் 65535 வரையிலான வரம்பும். இவற்றோடு பேக்கப் மென்பொருளின் சொந்தப் போர்ட்களும் உண்டு. அவற்றை அதன் கையேட்டிலிருந்து எடுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் இருந்தால் அது பெரும்பாலும் 1433-இல் இருக்காது. இயல்பாக ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வேறொரு போர்ட்டை எடுத்துக்கொள்ளலாம். எந்தப் போர்ட் என்று சொல்வது பிரவுசர் சர்வீஸின் வேலை; அது யு.டி.பி. 1434-இல் கேட்டுக்கொண்டிருக்கும். என் யோசனை: கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அந்த இன்ஸ்டன்ஸுக்கு நிலையான ஒரு போர்ட்டைக் கொடுத்துவிடுங்கள். 'டைனமிக் போர்ட்ஸ்' கட்டத்தில் இருக்கும் எண்ணை அழித்து, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். அங்கே பூஜ்யம் இருந்தால்கூட அது டைனமிக்தான். மாற்றம் நடைமுறைக்கு வர அந்த இன்ஸ்டன்ஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. சர்வீஸ் அக்கவுண்ட்

உங்கள் சொந்த அக்கவுண்டைக் கொடுக்காதீர்கள். பேக்கப்புக்கு என்று தனி அக்கவுண்ட் ஒன்று வேண்டும். அதன் பாஸ்வேர்டு எப்போது காலாவதியாகும் என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். பாஸ்வேர்டு 90 நாளில் காலாவதியாகும் என்பது யாருக்கும் தெரியாமல் இருந்தால், 91-ஆம் நாள் எல்லா சர்வர்களின் பேக்கப்பும் ஒன்றாகத் தோற்கும். விண்டோஸ் டொமைனில் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ளும் குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்டை உங்கள் பேக்கப் மென்பொருள் ஏற்குமானால் அதையே கேளுங்கள்.

விண்டோஸில் டொமைனில் சேராத சர்வருக்கு நீங்களாக ஒரு லோக்கல் அட்மின் அக்கவுண்ட் உருவாக்கியிருப்பீர்கள். நேரில் உட்கார்ந்து லாகின் செய்தால் முழு அதிகாரம் இருக்கும். தொலைவிலிருந்து வந்தால் யு.ஏ.சி. என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதி அந்த அதிகாரத்தை உரித்துவிடும். அட்மின் ஷேர் திறக்காது, 'ஆக்சஸ் டினைடு' என்று வரும். விண்டோஸ் நிறுவும்போதே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டுக்கு மட்டும் இயல்பாக இந்தத் தடை இல்லை. சர்வரை டொமைனில் சேர்த்து டொமைன் அக்கவுண்ட் கொடுப்பதுதான் சுத்தமான வழி. ரெஜிஸ்ட்ரியில் இந்தத் தடையை எடுக்கவும் முடியும், ஆனால் அதைப் பாதுகாப்புக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் செய்யாதீர்கள்.

லினக்ஸில் சூடோ உரிமை (கட்டளைகளை ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் உரிமை) கொடுத்தாலும் இரண்டு இடத்தில் இடறும். சூடோயர்ஸ் ஃபைலில் 'ரிக்வயர் டிடிஒய்' என்ற வரி இருந்தால் திரையில்லாமல் வரும் ஏஜென்டால் சூடோ பயன்படுத்த முடியாது. டெம்ப் ஃபோல்டர் 'நோ எக்செக்' என்று மவுன்ட் ஆகியிருந்தால், ஏஜென்ட் தன் உதவி நிரல்களை அங்கே இறக்கி ஓட்டப் பார்த்துத் தோற்கும். பாதுகாப்புக்காக இப்படிச் செய்திருப்பார்கள். அதை எடுக்கச் சொல்லாமல், ஏஜென்டுக்கு வேறு ஃபோல்டரைக் காட்ட மென்பொருளில் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

5. ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனி வேலை

ஆரக்கிள்

லினக்ஸில் பெரும்பாலான பேக்கப் மென்பொருள்கள் முதலில் திறப்பது இ.டி.சி. ஃபோல்டரில் இருக்கும் 'ஓராடேப்' ஃபைலை. சோலாரிஸில் அது வேறு ஃபோல்டரில் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் மூன்று பகுதிகள், நடுவில் முக்காற்புள்ளி: எஸ்.ஐ.டி. (இன்ஸ்டன்ஸின் பெயர்), ஆரக்கிள் ஹோம் (ஆரக்கிள் மென்பொருள் நிறுவிய ஃபோல்டர்) பாதை, ஒய் அல்லது என். அந்த ஒய், என் என்பது சர்வர் தொடங்கும்போது டேட்டாபேஸைத் தானாகத் தொடங்கலாமா என்பதற்கு. பேக்கப் எடுக்கலாமா என்பதற்கு என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். லினக்ஸில் எஸ்.ஐ.டி.க்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

இப்போது என் சாய்கோட்டுக் கதை. ஓராடேப்பில் பாதை '19/டிபிஹோம்' என்று முடிந்தது. இன்ஸ்டன்ஸைத் தொடங்கிய பழைய ஸ்கிரிப்டில் அதே பாதை '19/டிபிஹோம்/' என்று ஒரு சாய்கோட்டோடு முடிந்தது. நமக்கு இரண்டும் ஒரே ஃபோல்டர். ஆரக்கிளுக்கு அப்படியில்லை. ஹோம் பாதையின் எழுத்துகளையும் எஸ்.ஐ.டி.யையும் சேர்த்துத்தான் அது தன் நினைவகப் பகுதியை அடையாளம் காண்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும். ஏஜென்ட் ஓராடேப் பாதையை வைத்து உள்ளே போனது. 'கனெக்டட் டு அன் ஐடில் இன்ஸ்டன்ஸ்' என்ற பதில் வந்தது. டேட்டாபேஸ் ஓடவில்லை என்று முடிவுகட்டி, பட்டியலில் சேர்க்காமல் போய்விட்டது. அதே நேரத்தில் அந்த டேட்டாபேஸில் பயனர்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் லிஸனர் வழியாக வருபவர்கள், இந்தப் பாதை அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. சிம்பாலிக் லிங்க் வழியான பாதையும் நேரான பாதையும் கலந்திருந்தாலும் இதே கதிதான்.

சோதிப்பது எளிது. பிமான் பிராசஸின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 'ப்ராக்' ஃபோல்டருக்குள் அந்த எண்ணின் கீழ் 'என்விரான்' என்ற ஃபைல் இருக்கும். இன்ஸ்டன்ஸ் எந்தப் பாதையோடு தொடங்கியது என்பது அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கும். ஓராடேப் வரியை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் ஓராடேப்பை அதற்கேற்பத் திருத்துவது உடனடி வழி. ஸ்கிரிப்டைத் திருத்தி அடுத்த ரீஸ்டார்டில் இரண்டையும் ஒன்றாக்குவது நிலையான வழி.

அடுத்தது உரிமை. 12சி பதிப்பிலிருந்து பேக்கப்புக்கென்றே 'சிஸ்பேக்கப்' என்ற உரிமை உண்டு. மென்பொருள் அதை ஏற்குமானால், முழு அதிகாரம் தரும் சிஸ்டிபிஏ கொடுக்க வேண்டாம். ஆபரேட்டிங் சிஸ்டம் வழியாக சிஸ்டிபிஏவாக லாகின் செய்யும் முறை என்றால் அந்த அக்கவுண்ட் டிபிஏ குழுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓஆர்ஏ-01031 வரும்.

டேட்டாபேஸ் ஆர்க்கைவ்லாக் நிலையில் (நிரம்பிய லாக்குகளை அழிக்காமல் நகலெடுத்துச் சேர்த்துவைக்கும் நிலை) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்கவரியில் பெயர் வரும், ஓடிக்கொண்டிருக்கும்போது பேக்கப் எடுக்க முடியாது. மாற்ற வேண்டுமானால் டேட்டாபேஸை நிறுத்தி, மவுன்ட் நிலையில் தொடங்கி, மாற்றிவிட்டுத் திறக்க வேண்டும்.

டெஸ்ட் டேட்டாபேஸ்களை ஃபைல் காப்பியால் உருவாக்கியிருந்தால் அதற்கும் மூலத்துக்கும் டி.பி.ஐ.டி. என்ற அடையாள எண் ஒன்றாகவே இருக்கும். ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனின் கேட்டலாக்கில் இரண்டையும் பதிய முடியாது. 'என்ஐடி' கருவியால் நகலின் எண்ணை மாற்றுங்கள். மாற்றிய பிறகு பழைய பேக்கப்புகள் அந்த நகலுக்குப் பயன்படாது, உடனே ஒரு முழு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வர்

2012 பதிப்பிலிருந்து விண்டோஸின் சிஸ்டம் அக்கவுண்டுக்கு சிஸ்அட்மின் (முழு நிர்வாக) உரிமை தானாகக் கிடைப்பதில்லை. ஏஜென்ட் அந்த அக்கவுண்டில்தான் ஓடுகிறது என்றால் சர்வர் தெரியும், உள்ளே இருப்பவை தெரியாது. மென்பொருளின் கையேடு கேட்கும் உரிமையை ஒவ்வொரு இன்ஸ்டன்ஸிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு சர்வரில் மூன்று இன்ஸ்டன்ஸ் இருந்தால் மூன்று முறை.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' ஓட்டுங்கள். வரும் பட்டியலில் 'எஸ்க்யூஎல் சர்வர் ரைட்டர்' (விண்டோஸ் ஸ்னாப்ஷாட் பேக்கப்புக்கு டேட்டாபேஸ்களைத் தயார்செய்யும் சர்வீஸ்) இருக்க வேண்டும். நிலை 'ஸ்டேபிள்' என்றும், கடைசிப் பிழை 'நோ எரர்' என்றும் இருக்க வேண்டும். சர்வீஸஸ் திரையில் ரைட்டர் ஓடுகிறது, ஆனால் இந்தப் பட்டியலில் அதன் பெயரே இல்லை என்றால் என்னை மூன்று வாரம் அலைக்கழித்த காரணம் உங்களுக்கும் இருக்கலாம்: ஏதோ ஒரு டேட்டாபேஸின் பெயர் இடைவெளியில் முடிகிறது. யாரோ எப்போதோ பெயரை எங்கிருந்தோ ஒட்டும்போது கூடவே ஓர் இடைவெளியும் வந்திருக்கும். அந்த ஒரு பெயருக்காக ரைட்டரே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். என் இன்ஸ்டன்ஸில் ஏழு டேட்டாபேஸ்கள் போனதற்குக் காரணம் அவற்றில் ஒன்றின் பெயர்தான்.

கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. 'லென்' ஃபங்ஷனும் உதவாது. அது கடைசி இடைவெளியை எண்ணாது. பெயர்களை 'லைக்' கொண்டு தேடுங்கள்: சதவீதக் குறி, அதன்பின் ஓர் இடைவெளி. விழுந்த பெயரை மாற்றுவதற்கு முன் எந்தெந்த அப்ளிகேஷன் அந்தப் பெயரில் இணைகிறது என்று பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பை இறுக்குகிறோம் என்று 'என்டி சர்வீஸ்' கீழ் வரும் எஸ்க்யூஎல்ரைட்டர் லாகினை யாராவது நீக்கியிருந்தாலும் இதே மாதிரி சிக்கல் வரும். லாகின் பட்டியலில் அது இருக்கிறதா, சிஸ்அட்மினில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரிக்கவரி மாடல் 'சிம்பிள்' என்றால் லாக் பேக்கப் கிடையாது. 'ஃபுல்' என்று மாற்றினாலும் ஒரு முழு பேக்கப் எடுக்கும்வரை அது சிம்பிள் போலத்தான் நடந்துகொள்ளும். ஏற்கெனவே எஸ்க்யூஎல் சர்வரின் சொந்த ஏஜென்ட் ஜாப் ஒன்று லாக் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால் புதிய சிஸ்டம் தொடங்கும் அன்றே அதை நிறுத்துங்கள். இரண்டு பேர் மாறி மாறி லாக் எடுத்தால் சங்கிலி இரண்டாகப் பிரியும். ரீஸ்டோர் செய்ய இரண்டு இடத்து ஃபைல்களும் வேண்டியிருக்கும்.

அவைலபிலிட்டி குரூப் (ஒரே டேட்டாபேஸின் நகல்களைப் பல சர்வர்களில் வைக்கும் அமைப்பு) என்றால் எல்லா நோடுகளிலும் ஏஜென்ட், எல்லா நோடுகளிலும் அதே உரிமை. இன்றைக்குப் பிரைமரியாக இருக்கும் நோடை மட்டும் சேர்த்துவிட்டு வந்தால், ஃபெயில்ஓவர் ஆன இரவிலிருந்து பேக்கப் நிற்கும்.

போஸ்ட்கிரெஸ்

'லிஸன் அட்ரஸஸ்' இயல்பாக லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும். வெளியிலிருந்து வர வேண்டுமானால் மாற்றி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு 'பிஜி எச்பிஏ' ஃபைல். அதில் மேலிருந்து கீழாகப் பொருந்தும் முதல் வரிதான் செல்லும். அந்த வரி மறுத்துவிட்டால் கீழே நீங்கள் அனுமதி எழுதியிருந்தாலும் பயனில்லை. ஆகவே பேக்கப் சர்வருக்கான வரியை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழி இது: டேட்டாபேஸ் கட்டத்தில் 'ஆல்' என்று எழுதினால் அதில் ரெப்ளிகேஷன் இணைப்பு சேராது. பேஸ் பேக்கப் எடுக்கும் கருவிகள் அந்த இணைப்பில்தான் வரும். அதற்கு 'ரெப்ளிகேஷன்' என்ற சொல்லோடு தனி வரி வேண்டும். எழுதிய பின் ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். 'பிஜி எச்பிஏ ஃபைல் ரூல்ஸ்' என்ற வியூவில் எந்த வரி பிழையாக இருக்கிறது என்பதும் தெரியும். ரீலோட் செய்வதற்கு முன்பே அதைப் பாருங்கள்.

பாஸ்வேர்டை 'பிஜிபாஸ்' ஃபைலில் வைத்தால் அதன் அனுமதி 0600-ஆக இருக்க வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் அந்த ஃபைலைப் பொருட்படுத்தாது.

ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டே இருந்தாலோ, யாரும் படிக்காத ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகலெடுப்பவர் படிக்கும்வரை லாக்கைப் பிடித்துவைக்கும் அமைப்பு) ஒன்று மிச்சமிருந்தாலோ 'வால்' எனப்படும் போஸ்ட்கிரெஸ் லாக் ஃபைல்கள் குவிந்து டிஸ்க் நிரம்பும், டேட்டாபேஸ் நின்றுவிடும். சோதனைக்காக உருவாக்கிய ஸ்லாட்டை அன்றே நீக்கிவிடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்

இங்கே பயனர் என்பது பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்தது. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று உருவாக்கிய பேக்கப் பயனரால் வெளியிலிருந்து வர முடியாது. 'ஸ்கிப் நேம் ரிசால்வ்' போட்டிருந்தால் சர்வர் பெயரைக் கொண்டு கொடுத்த உரிமை செல்லாது, ஐ.பி.யைத்தான் எழுத வேண்டும். 8.0-இலிருந்து இயல்பான பாஸ்வேர்டு முறை மாறியிருக்கிறது. பழைய கிளையன்ட் வைத்திருக்கும் ஏஜென்டால் லாகின் செய்ய முடியாமல் போகலாம். பைனரி லாக் அதே பதிப்பிலிருந்து இயல்பாகவே ஓடும், 30 நாள் வைத்திருக்கும்.

6. எல்லா ரீஸ்டார்டுகளுக்கும் ஒரே அனுமதி

மேலே சொன்னவற்றில் ரீஸ்டார்ட் கேட்பவற்றை ஒரே தாளில் எழுதுங்கள்: ஆரக்கிளின் ஆர்க்கைவ்லாக், எஸ்க்யூஎல் சர்வரின் நிலையான போர்ட், போஸ்ட்கிரெஸ்ஸின் லிஸன் அட்ரஸஸும் ஆர்க்கைவ் மோடும், மைஎஸ்க்யூஎல்லின் பைண்ட் அட்ரஸ். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் மூன்றாவது முறை பொறுப்பாளர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஒரு சர்வருக்கு ஒரே ஒரு மாற்ற விண்ணப்பம், அதில் எல்லாம். என்ன மாற்றம், எவ்வளவு நேரம் நிற்கும், சரியாக வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி என்ன, யார் வந்து அப்ளிகேஷனைச் சோதிப்பார் என்ற நான்கும் இருந்தால் பெரும்பாலும் கேள்வியில்லாமல் அனுமதி வரும்.

7. செலவு எங்கே வரும்

லைசென்ஸ் எதை எண்ணுகிறது என்பதை வாங்குவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். சர்வரையா, சிபியு சாக்கெட்டையா, இன்ஸ்டன்ஸையா, பாதுகாக்கப்படும் தரவின் டெராபைட்டையா? டெராபைட் கணக்கு என்றால் டெஸ்ட் நகல்களும் டிஸ்கவரியில் விழுந்து, தானாகப் பாலிசியில் சேர்ந்து, கணக்கில் ஏறிவிடும். தானாகச் சேர்க்கும் வசதி நல்லதுதான்; முதல் இரண்டு வாரம் அதை அணைத்துவைத்து, என்னென்ன விழுகிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

யாரும் பட்ஜெட்டில் எழுதாத செலவு டிஸ்க் இடம். ஆர்க்கைவ்லாக் போட்ட நாளிலிருந்து லாக் சேரத் தொடங்கும். பேக்கப் அவற்றை எடுத்து அழிக்கும்வரை இடம் வேண்டும். ஒரு நாள் லாக் 40 ஜிபி என்றால், வார இறுதியில் பேக்கப் தோற்று திங்கள் காலை யாராவது பார்க்கும்வரை தாங்க 120 ஜிபியாவது வேண்டும். ஆரக்கிளின் ரிக்கவரி ஏரியாவுக்கு டேட்டாபேஸுக்குள்ளேயே ஓர் அளவு வரம்பு உண்டு. டிஸ்கில் இடம் இருந்தாலும் அந்த வரம்பு நிரம்பினால் ஓஆர்ஏ-00257 வந்து வேலை நிற்கும். டிஸ்கைப் பெரிதாக்கும் அன்றே அந்த எண்ணையும் ஏற்றுங்கள்.

8. இப்போது டிஸ்கவரி

எல்லா சர்வர்களையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்று சேருங்கள். சரியாக வந்த பிறகு மற்றவை. டிஸ்கவரிக்கு முன் ஒரு சோதனை செய்துகொண்டால் பாதி நேரம் மிச்சமாகும்: பேக்கப் அக்கவுண்டிலேயே லாகின் செய்து, பேக்கப் சர்வரிலிருந்தே அந்த டேட்டாபேஸோடு கையால் இணைந்து பாருங்கள். டிபிஏ அக்கவுண்டில், டேட்டாபேஸ் சர்வரிலேயே உட்கார்ந்து 'எனக்கு வருகிறதே' என்று சொல்வதால் ஒன்றும் தெரியாது.

டிஸ்கவரி முடிந்ததும் பச்சை டிக்கைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் படியில் எழுதிய பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் குறியிடுங்கள். குறைந்தால், ஏஜென்டின் லாக் ஃபைலில் அந்த இன்ஸ்டன்ஸின் பெயரைத் தேடுங்கள். பெயரே இல்லையென்றால் ஏஜென்ட் அதைப் பார்க்கவே இல்லை: ஓராடேப், போர்ட், சர்வீஸ் பக்கம் போங்கள். பெயர் இருந்து விடப்பட்டிருந்தால் உரிமை, பாதை, டேட்டாபேஸின் நிலை பக்கம் போங்கள். அதிகமாக வந்தாலும் விசாரியுங்கள். எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு டேட்டாபேஸ் டிஸ்கவரியில் வந்தபோதுதான், மூடப்பட்டதாக எல்லோரும் நம்பிய ஒரு பழைய அப்ளிகேஷன் இன்னும் பயன்பாட்டில் இருப்பது தெரிந்தது.

பட்டியல் முழுதாக வந்த அன்றே ஒரு முழு பேக்கப், ஒரு லாக் பேக்கப், வேறு சர்வரில் ஒரு ரீஸ்டோர். மூன்றாவதைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். தள்ளிப்போடாதீர்கள். பெயரைப் படிக்க வேண்டிய உரிமை வேறு, தரவைத் திரும்ப எழுத வேண்டிய உரிமை வேறு.

9. அதன் பிறகு

வாரம் ஒருமுறை டேட்டாபேஸ்களிடமிருந்தே பெயர்ப்பட்டியல் எடுத்து, பேக்கப் சிஸ்டத்தின் பட்டியலோடு ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவையுங்கள். வித்தியாசம் இருந்தால் மட்டும் மெயில் வரட்டும். எங்களிடம் இருப்பது நாற்பது வரிகூட இல்லாத ஸ்கிரிப்ட்.

டேட்டாபேஸ் குழுவிடம் ஒன்றைக் கேட்டுவையுங்கள்: ஆரக்கிளுக்குப் புதிய ஹோமில் பேட்ச் போட்டு டேட்டாபேஸை அங்கே மாற்றினால் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஓராடேப் வரி பழைய பாதையிலேயே நின்றுவிட்டால் அன்று இரவே அந்த டேட்டாபேஸ் பேக்கப் சிஸ்டத்தின் பார்வையிலிருந்து போய்விடும். பேட்ச் முடிந்ததற்கான சரிபார்ப்புத் தாளில் 'பேக்கப் டிஸ்கவரி மறுபடி ஓட்டப்பட்டது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, அதற்கு நேரே கையெழுத்துப் போட உங்கள் பெயரைக் கொடுங்கள்.